அரைச் சுற்றுக்கு முன்

துணி துவைக்கும் இயந்திரம் அரைச் சுற்று சுற்றிப் பார்த்துத்தான் தன் வயிற்றில் எவ்வளவு துணி கிடக்கிறது என்று தெரிந்துகொள்கிறது, அரைச் சுற்று போதும், அந்த அரைச் சுற்றுக்குள் மோட்டார் எவ்வளவு திணறுகிறது என்று அளந்து அதற்குத் தக்கபடி தண்ணீர் விடுகிறது, இப்படித்தான் முப்பத்துநாலு வருடத்துக்கு முன்னால் ஜப்பானில் நாலு பேர் எழுதி வைத்திருக்கிறார்கள், அதைக் கம்ப்யூட்டர் அரைகுறை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்திருக்கிறது, நான் மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மணி இரண்டு பத்து. சாப்பிட்ட தயிர்சாதம் இமை மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஏ.சி. காற்று நேராக இடது முழங்காலில் அடிக்கிறது, நாற்காலியை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் முழங்காலைத் தேடி வந்துவிடுகிறது. மூன்று மணிக்கு விசாரணை. விசாரணை என்ற சொல்லைக் கேட்டுத்தான் என் கணவர் பெர்னார்டின் அக்கா இன்னும் நான் ஏதோ கோர்ட்டில் இருப்பதாக நினைத்து ஊரில் உள்ள நிலத் தகராறையெல்லாம் என்னிடம் கொண்டுவருகிறார். கோர்ட் இல்லை மதினி, காப்புரிமை, புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சேன்னு ஒருத்தர் விண்ணப்பம் போட்டா, அது நிஜமாவே புதுசா, இல்லை உலகத்துல வேற யாராவது முன்னாலேயே எழுதி வச்சிட்டாங்களான்னு பார்க்கணும், அதுதான் வேலை. பார்த்து என்ன செய்வ? புதுசு இல்லைன்னா இல்லைன்னு எழுதுவேன். இதுக்கா ஜெசிந்தா உனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க என்றார். இருபத்திரண்டு வருடமாகக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறேன்.

ராக்கியப்பனுக்கும் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறார், வயது ஐம்பத்தாறு, படிப்பு ஐ.டி.ஐ. வக்கீல், ஏஜென்ட் யாரும் இல்லை, உள்ளூர்க் கல்லூரி வாத்தியார் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் இயந்திரம் இருக்கிறதே, சக்கரத்தில் இரண்டு கத்தி வைத்தது, அதன் மோட்டாரைக் கட்டுப்படுத்துகிற முறை. கரண்ட் கிடைத்ததும் மோட்டார் முழு வேகத்தில் கிளம்பாது. முதலில் ஒரே ஒரு சின்னத் தட்டல், கண்ணிமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு, கத்தி அசைந்ததாகவே தெரியாது. அந்தத் தட்டலுக்குச் சக்கரம் இலேசாக இணங்கினால் வழி காலியாக இருக்கிறது என்று பொருள், மோட்டார் ஓடும். இணங்காவிட்டால் எதுவோ குறுக்கே இருக்கிறது, ஓடாது. எது என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். எனக்கு இது பிடித்திருக்கிறது, கதவைத் திறப்பதற்கு முன்னால் உள்ளே ஆள் இருக்கிறதா என்று தட்டிக் கேட்கிற மரியாதை மாதிரி. ஆனால் பிடித்திருப்பதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது. மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது, கண்டுபிடிப்பாளரின் மனைவி இயந்திரத்தில் சிக்கிய சோளத்தட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது நின்றுபோன மின்சாரம் எதிர்பாராமல் திரும்பி வந்ததில் வலது கையின் நான்கு விரல்களை இழந்தார். எதிர்பாராமல். நான்கு விரல்கள். இதை வாத்தியார் எழுதும்போது ராக்கியப்பன் எதிரில் உட்கார்ந்து சொல்லியிருப்பார், வாத்தியார் பேனாவை நிறுத்தி எத்தனை விரல் என்று கேட்டிருப்பார்.

விண்ணப்பத்தைப் பரிசோதித்து எனக்கு அறிக்கை எழுதிய தேர்வாளர் மைதிலி கெட்டிக்காரப் பெண். இரண்டு பழைய ஆவணங்களைத் தேடி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டாள். ஒன்று ஜப்பானியத் துணி இயந்திரம், மோட்டாரைக் கொஞ்சம் தட்டிப் பார்த்துப் பாரம் தெரிந்துகொள்வது. இன்னொன்று எல்லாருக்கும் தெரிந்த ஸ்டார்ட்டர் காயில், கரண்ட் போனால் சுவிட்சைத் தானே விடுவித்துவிடும், கரண்ட் திரும்பி வந்தாலும் மறுபடி ஆள் போய்ப் போட்டால்தான் ஓடும், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ராக்கியப்பன் சொல்வது வந்துவிடும், துறை தெரிந்த ஆளுக்கு அது தானாகவே தோன்றும், ஆகவே நிராகரிக்கலாம். துறை தெரிந்த ஆள். சட்டம் உண்டாக்கிய ஆள் அவர், எங்கேயும் இல்லை, ஆனால் என் அறையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். பழுப்புச் சட்டை போட்டிருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு. உலகத்தில் அச்சான எல்லாவற்றையும் படித்தவர், எல்லா மொழியும் தெரியும், ஜப்பானியம், ஜெர்மன், ஆனால் சொந்தமாக ஒரு யோசனை கிடையாது, இரண்டையும் இரண்டையும் கூட்டத் தெரியும், அவ்வளவுதான். களைப்பே கிடையாது. பசி கிடையாது. அவர் வீட்டில் யாருக்கும் விரல் போனதில்லை. உங்களுக்கு இது தோன்றுமா சார் என்று ஒவ்வொரு கோப்பிலும் அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், தோன்றுமே என்கிறார், எல்லாவற்றுக்கும் தோன்றுமே என்கிறார்.

மைதிலி கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாள். "மேடம், மூணு மணிக் கேஸ் ரெஃப்யூஸ்தானே? ஆர்டர் டிராஃப்ட் போட்டு வச்சிட்டேன். மாசக் கடைசி, இன்னும் பதினொண்ணு இருக்கு." நான், "அவர் பேசட்டும் மைதிலி, கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். "என்ன சொல்லப் போறார் மேடம், பாவம், பதில் கடிதத்துலயும் மனைவிக்கு அடிபட்டதைத்தான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கார், டெக்னிக்கலா ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அவள் வயதில் நானும் பாவம் என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். பாவம் என்ற சொல் வந்துவிட்டால் கை நிற்காமல் எழுதும்.

ஃபோன் மேஜையில் அதிர்ந்தது, பெர்னார்ட். துறைமுகத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது, மத்தியானம் தூங்கி எழுந்ததும் ஒரு தடவை கூப்பிடுவார். "சாயங்காலம் மீன் வாங்கணுமா?" "வாங்குங்க." "சங்கராவா, ஊளியா?" "எது நல்லா இருக்கோ அது." "சரி, வச்சிடறேன்." இதுதான் எங்கள் பேச்சு, மீன், பால், கேஸ், இன்வெர்ட்டருக்குத் தண்ணீர். சண்டை இல்லை. எப்போதுமே சண்டை இருந்ததில்லை. சண்டை வந்திருக்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது, அங்கேயும் வரவில்லை. வேலையில் சேர்ந்த வருடம், நாக்பூரில் ஆறு வாரப் பயிற்சி, எனக்கு அப்போது நாலாம் மாதம். டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார், ரயில் கியில் எதுவும் கூடாது, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே யோசிக்க வேண்டும். அன்று பெர்னார்டுக்குக் கப்பல் வந்த நாள், கூட வரவில்லை. ராத்திரி, என்ன சொன்னாங்க என்று கேட்டார், போகலாம்னு சொன்னாங்க, பார்த்துப் போகச் சொன்னாங்க என்றேன். முதல் வேலை, போகாவிட்டால் சீனியாரிட்டி போய்விடும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். ஐந்தாவது வாரம் விடுதிப் படிக்கட்டில், வேண்டாம், அது வேண்டாம். பெர்னார்ட் முன்பதிவு இல்லாமல் நின்றுகொண்டே வந்து சேர்ந்தார், ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார், கழுத்துக் காலரில் துறைமுகத்துக் கரி. ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை, அவர் ஒன்றும் கேட்கவில்லை, நான் ஒன்றும் சொல்லவில்லை, அது அப்படியே இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. சில நாள் மீன் கழுவும்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். பிறகு குழம்பு கொதித்துவிடும்.

மணி இரண்டு நாற்பது. திரும்ப ஜப்பான். அரைச் சுற்று. எங்கே விட்டேன், அரைச் சுற்று சுற்றி, ஆமாம், அரைச் சுற்று சுற்றி. ஒரு நிமிடம். சக்கரத்தில் இரண்டு கத்தி எதிரெதிரே. அப்படியானால் அரைச் சுற்றுக்கு ஒரு கத்தி தட்டு நுழைகிற வாசலைக் கடந்துவிடும். ஜப்பான்காரனின் தட்டல் துணிக்குச் சரி, துணி அரைச் சுற்று சுற்றினால் ஒன்றும் ஆகாது, இங்கே அரைச் சுற்று சுற்றிப் பார்த்து, ஓ கை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும்போது கை இருக்காது. ராக்கியப்பனுடையது அரைச் சுற்றுக்கு முன்னால், அசைவுக்கே முன்னால். இது வித்தியாசம்தான், மைதிலி விட்டுவிட்டாள், நானும் இரண்டு முறை விட்டுவிட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன், முழங்கால் கூட வலிக்கவில்லை, ஒரு நிமிடம்தான். உடனே பழுப்புச் சட்டைக்காரர் தொண்டையைச் செருமினார். அது இருக்கட்டும் அம்மா, இவருக்குப் பிரச்சினை என்ன, கரண்ட் திரும்பி வந்ததுதானே, அதற்குத்தான் காயில் இருக்கிறதே, காயில் போட்டிருந்தால் கரண்ட் வந்தும் ஓடியிருக்காதே, தீர்ந்துபோன பிரச்சினைக்கு நான் ஏன் ஜப்பானுக்குப் போய்த் துணி இயந்திரத்தைத் தேடி அதைத் திருத்த வேண்டும்? அதாவது இது கண்டுபிடிப்பு இல்லை, வேண்டாத வேலை. அவர் சொல்வதும் சரி. திரும்பச் சாய்ந்து உட்கார்ந்தேன். வலி வந்துவிட்டது. சரி, கேட்டுவிடலாம், ஏன் என்று கேட்டுவிடலாம், அவரிடம் பதில் இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் டிராஃப்ட் தயாராக இருக்கிறது.

மூன்று மணிக்குக் காணொளித் திரையில் முதலில் ஒரு தகரக் கூரை தெரிந்தது, பிறகு காது, பிறகு ஃபோனைச் சரிசெய்து எதன் மேலோ சாய்த்து வைத்த ராக்கியப்பனின் முகம். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார், நெற்றியில் திருநீறு, பின்னால் செம்புக் கம்பி உருளைகள் அடுக்கு. ஓரத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார், வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு. "வணக்கமுங்க மேடம். இது எங்க ஊட்டுக்காரிங்க, வேலாத்தா. நிக்கலாமுங்களா?" என்றார். நிற்கலாம், உட்காரச் சொல்லுங்கள் என்றேன். பெயர், விண்ணப்ப எண், தேதி, எல்லாம் சொல்லிப் பதிவுக்கு எடுத்துக்கொண்டு ஜப்பானிய ஆவணத்தைப் பற்றிச் சொன்னேன், எதிரில் இருப்பவருக்குப் புரிகிற தமிழில் சொல்ல முயன்றேன், பாதி ஆங்கிலமாக வந்தது. அவர் தலையை ஆட்டிக் கேட்டார்.

"ஜப்பான்காரன் முப்பது வருசத்துக்கு முந்தியே எழுதி வெச்சிட்டானுங்களா" என்றார். கோபமாக இல்லை, விசாரிப்பது போல. "அப்பறம் ஏனுங்க எங்கூருக்கு வரல?"

இதற்கு என்ன சொல்வது. அவன் துணிக்கு எழுதினான் என்று சொல்லலாம், அரைச் சுற்று என்று நானே சொல்லலாம், ஆனால் அவர் வாதத்தை நான் பேசக் கூடாது, கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவள் கேட்கத்தான் வேண்டும். அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்டேன். "உங்க மனைவிக்கு அடிபட்டது கரண்ட் திரும்பி வந்ததாலன்னு எழுதியிருக்கீங்க. கரண்ட் வந்தாத் தானா ஓடாம இருக்க ஸ்டார்ட்டர்ல காயில் வருது. மோட்டார் வேலை செய்ற உங்களுக்கு அது தெரியாம இருக்காது. ஒரு காயில் போட்டாத் தீர்ற விஷயத்துக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு எதுக்கு? இதுக்கு நீங்க பதில் சொல்லணும், இதை வச்சுத்தான் முடிவு."

 அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பிறகு பக்கவாட்டில் திரும்பி, "வேலா, கன்னுக்குட்டி கத்துது பாரு, போயி மாத்திக் கட்டிட்டு வந்துரு" என்றார். எனக்கு எந்தக் கன்றும் கத்தியது கேட்கவில்லை. அந்தப் பெண் அவரை ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்து போனார். செருப்புச் சத்தம் தேய்ந்து ஓயும் வரைக்கும் காத்திருந்தார்.

"காயில் இருந்துச்சுங்க" என்றார். "எங்க மிஷின்ல நான் கட்டுன காயிலே இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப கரண்ட் வந்ததும் எப்படி ஓடுச்சு?"

"கரண்ட் போகவே இல்லீங்க மேடம். அவ தட்டுச் சிக்கிருச்சுன்னு மிஷின நிறுத்திப்போட்டுக் கைய உட்டு எடுத்துட்டிருந்தா. நான் பின்னால இருந்து வந்தேன். மாடு பசியில கத்துது, நிறுத்திப்போட்டு எங்கியோ போயிட்டான்னு நெனச்சுப்போட்டேன். சுவிட்சு மாட்டுச் சாளைக்கு இந்தப் பக்கத்துச் செவுத்துலீங்க, அங்கிருந்து அவ தெரிய மாட்டா. நாந்தான் போட்டேன்." குரல் மாறவில்லை, காயில் விலை சொல்வது போலத்தான் சொன்னார், கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தார். "காயிலுக்கு என்னுங்க தெரியும், மனுசன் போட்டா அது ஓடத்தானுங்களே செய்யும். ஆசுபத்திரியில கேக்கறப்ப கரண்ட் வந்துருச்சுன்னு சொன்னேன். அவகிட்டயும் அதையேதான் சொன்னேன். எட்டு வருசமாச்சு. அந்தக் கையி சுவிட்சப் போட்டாலும் ஓடக் கூடாது, அதுக்குத்தானுங்க இது. வேற ஒண்ணுமில்லீங்க."

 காயில் எதற்குப் போதாது என்று இவர் சொல்லிவிட்டார், மனிதன் கை சுவிட்சுக்குப் போகும்போது காயில் அவன் பேச்சைத்தான் கேட்கும். இந்தப் பிரச்சினையை வைத்துக்கொண்டு துணி இயந்திரத்துக்கு யாரும் போகமாட்டார்கள், துறை தெரிந்தவர் போகமாட்டார், போட்டவன்தான் போவான். கேள்வி சரியான கேள்விதான், பதில் கிடைத்துவிட்டது, ஆனால் இதை நான் ஏன் கேட்டேன், காயில் எதற்கு என்று எவ்வளவு சாதாரணமாகக் கேட்டேன், நாக்பூர் விடுதிப் படிக்கட்டு எத்தனை படி என்று என்னிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால். அவர் சொன்னார், "மேடம், இது ஆர்டர்ல வருமுங்களா? வாத்தியார் சொன்னாரு, நீங்க எழுதறது எல்லாம் வெளிய கம்ப்யூட்டர்ல போடுவாங்கன்னு. எம் பொண்ணு திருப்பூர்ல கம்பெனியில இருக்கறா, அவ எடுத்துப் படிச்சு அம்மாகிட்டச் சொல்லுவா. அப்படி எழுதித்தான் ஆகோணும்னா வேண்டாமுங்க, நீங்க தள்ளுபடியே பண்ணிருங்க."

பார்க்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது, உத்தரவில் காரணம் எழுத வேண்டும், காரணம் இல்லாமல் கொடுக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இயந்திரத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டேன், பேச்சை மாற்றத்தான் கேட்டேன். சாளையில இருக்குதுங்க, உருட்டிட்டு வர்றேன் என்று எழுந்து போனார். திரையில் காலி நாற்காலி, கம்பி உருளைகள், சுவரில் பல்லி. எட்டு வருடம். தினமும் அந்த நாலு விரல் இல்லாத கை பரிமாறிய சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்து இந்தத் தட்டலை எழுப்ப முயன்றுகொண்டிருந்திருக்கிறார். சொல்லியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்குமா, முடிந்திருக்காது, எனக்குத் தெரியும் முடிந்திருக்காது, ஆனாலும்.

நாற்காலியில் அந்த அம்மா வந்து உட்கார்ந்தார். ஃபோனுக்கு மிக அருகே முகத்தைக் கொண்டுவந்ததால் மூக்குத்தி பெரிதாகத் தெரிந்தது. வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"ஏனுங்கம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். "அந்தக் காயிதத்துல கரண்ட்டு திரும்பி வந்துச்சுன்னு எழுதியிருக்குதில்லீங்க, அத மாத்தச் சொல்லிப்போடாதீங்க."

"ஏம்மா?"

"அவரு அப்படித்தான் நடந்துச்சுன்னு வெச்சிருக்காரு. அன்னைக்கு நான் கைய உட்டுட்டிருக்கறப்ப சாளையில லைட்டு எரிஞ்சுட்டுத்தானுங்க இருந்துச்சு." இடது கையால் தலைப்பை இழுத்து வலது கையை மூடிக்கொண்டார். "எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா அந்த மனுசன் பட்டினி கெடந்தே செத்துருவாரு. ஆசுபத்திரியில இருந்து வந்தப்ப ஒரு மாசம் பாத்துட்டனுங்க. இருந்துட்டுப் போகட்டும். கரண்ட்டுத்தான் வந்துச்சு."

சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. அவர் எழுந்துகொண்டு, சத்தமாக, "மேடத்துக்கு நம்மூரு பேச்சுப் புரியுதுங்களாம்" என்று கணவனிடம் சொன்னார். ராக்கியப்பன் வேர்த்து நின்றார். ஒரு சுரைக்காயை இயந்திரத்தின் வாசலில் வைத்துச் சுவிட்சைப் போட்டார். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், எதுவும் ஓடவில்லை, சுரைக்காயின் தோலில் கீறல் இருந்தால் காட்டுங்கள் என்றேன், ஃபோனுக்கு அருகில் திருப்பித் திருப்பிக் காட்டினார், இல்லை. காயை எடுத்துவிட்டுப் போட்டார், உறுமிக்கொண்டு ஓடியது. "காய் வேண்டாமுங்க, நான் என் கையவே வெச்சு" என்று ஆரம்பித்தார், வேண்டாம் என்று நானும் அந்த அம்மாவும் ஒரே நேரத்தில் சொன்னோம். தினமும் வைத்துத்தான் பார்க்கிறேன் என்று அவர் முனகியது எனக்குக் கேட்டது, அந்த அம்மாவுக்கும் கேட்டிருக்கும், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விசாரணை முடிந்தது, உத்தரவு எழுத்தில் வரும் என்றேன். திரை கறுத்து அதில் என் முகம் தெரிந்தது, தூங்கி எழுந்தவள் மாதிரி.

மணி மூன்று ஐம்பது. இருவர் சொன்னதையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவர் சொன்னது அந்த அம்மாவுக்குத் தெரியாது, அந்த அம்மா சொன்னது அவருக்குத் தெரியாது, கிண்டி அலுவலகத்தில் முன்பின் தெரியாத ஒருத்திக்கு மட்டும் இரண்டும் தெரியும். இருந்துட்டுப் போகட்டும். எப்படிச் சொன்னார், மாட்டைப் பற்றிச் சொல்வது போல. பெர்னார்ட் நாக்பூருக்கு வந்தபோது கையில் ஹார்லிக்ஸ் பாட்டில் மட்டுமா இருந்தது. இல்லை. அக்குளில் என் ஃபைல் இருந்தது, பச்சை அட்டை, அங்கே டாக்டர்கள் கேட்பார்கள் என்று வீட்டு அலமாரியிலிருந்து எடுத்து வந்திருந்தார், அதில்தான் இருந்தது அந்தச் சீட்டு, பயணம் கூடாது என்று டாக்டரம்மா இரண்டு கோடு போட்டு எழுதியது. பதினெட்டு மணி நேர ரயில். நின்றுகொண்டே வந்த மனிதர் பதினெட்டு மணி நேரத்தில் ஒரு முறை கூடப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டாரா. நான் இத்தனை வருடம் அந்தப் பச்சை அட்டையை எப்படி மறந்திருந்தேன், பாட்டில் ஞாபகம் இருக்கிறது, காலர் கரி ஞாபகம் இருக்கிறது.  ஃபோனை எடுத்தேன். "மீன் வாங்கிட்டீங்களா?" "இல்லை, இப்பத்தான் சட்டை போடறேன்." "இருங்க, நான் இன்னைக்கு ஆறு மணிக்கே வந்துடறேன், சேர்ந்து போவோம்."  "ஏன், முழங்கால் வலிக்குதா?" "இல்லை, சும்மா." "சரி" என்றார். வைக்கவில்லை, நான் வைக்கும் வரைக்கும் வைக்கவில்லை.

பிறகு விண்ணப்பத்தை முதலிலிருந்து படித்தேன், இந்த முறை தூக்கம் இல்லை. விண்ணப்பத்தில் இல்லாத எதையும் நான் புதிதாகச் சேர்க்க முடியாது, அவர் எழுதியதற்குள்ளேயே ஆதாரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தள்ளுபடிதான், அவரே கேட்டுக்கொண்டபடி. ஆறாம் பக்கம் இல்லை, ஏழு இல்லை, எட்டில் படம். ஒன்பதாம் பக்கம் கடைசிப் பத்தியில் வாத்தியார் எழுதியிருக்கிறார், மோட்டாருக்கு மின்சாரம் கிடைக்கும் ஒவ்வொரு முறையும், அது எவ்வாறு கிடைத்தாலும், முதலில் இந்தச் சோதனைத் தட்டல் கொடுக்கப்படும். எவ்வாறு கிடைத்தாலும். ராக்கியப்பன் அந்த ஒரு சொல்லை மட்டும் எப்படியோ எழுத வைத்துவிட்டார், வாத்தியாருக்குக் காரணம் சொல்லியிருக்க மாட்டார். போதும். இதற்கு மேல் யாருடைய வாக்குமூலமும் தேவையில்லை. மைதிலியைக் கூப்பிட்டு, டிராஃப்டை எடுத்துவிடு, நான் எழுதுகிறேன், கொடுக்கிறோம் என்றேன். ஏன் மேடம் என்றாள். அரைச் சுற்றைச் சொன்னேன், ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, "ஆமா மேடம், விட்டுட்டேன்" என்றாள். "நானும்தான் விட்டேன், எழுத்தை மட்டும் படிச்சா விட்டுப் போயிடும்" என்றேன். அவளுக்கு அது புரிந்திருக்காது.

எழுத உட்கார்ந்தால் காரணப் பத்தியில் வந்து நின்றுவிட்டது. காயில் எந்த நிலையில் போதாது என்று ஒரு வரி வேண்டும். இயக்குபவர் சுவிட்சைப் போடும்போது என்று எழுதினேன். இயக்குபவர் யார், அந்தப் பெண் திருப்பூரில் படிப்பாள், எங்கள் வீட்டு மிஷினை இயக்கியது யார் என்று ஒரு நொடி நினைப்பாள். அழித்தேன். வேறொரு நபர் என்று எழுதினேன், அது இன்னும் மோசம், வேறொரு நபர் அந்த வீட்டில் ஒருவர்தான். அழித்தேன். ஒரு நபர். அழித்தேன். வெளியே மெட்ரோ ரயில் இரண்டு போய்விட்டன. எங்கள் அலுவலக மொழியில் யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் செய்யப்படுகிறது, பெறப்பட்டது, பரிசீலிக்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, பெர்னார்ட் கூட ஒரு காலத்தில் கேலி செய்வார், சோறு சமைக்கப்பட்டதா என்று கேட்பார். எழுதினேன். மின்சாரம் திரும்பி வருவதால் மட்டுமன்றி, சுவிட்ச் போடப்படுவதால் மோட்டார் மின்சாரம் பெறும் நிலையிலும், முன் ஆவணங்கள் தராத பாதுகாப்பை இது தருகிறது. போடப்படுவதால். படித்துப் பார்த்தேன். இலக்கணப்படி சரியாக இருந்தது, சட்டப்படியும் சரி, ஒரு பொய்யும் இல்லை. கையெழுத்துக்கான இடத்தில் என் பெயரைப் போட்டு அனுப்பினேன். நாளைக்குக் காங்கேயத்தில் அந்த வாத்தியார் வந்து பட்டறையில் உட்கார்ந்து இதை வரிவரியாகத் தமிழில் படித்துச் சொல்வார், அவர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று கேட்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட வேண்டிய வரி எதுவும் அதில் இல்லை.